பழைய வண்டியின் ஆர்.சி. பெயர் மாற்றம்: விற்பவரும் வாங்குபவரும் செய்ய வேண்டியவை

ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைக் கேட்டால், பணம் கொடுத்து வாங்கியவர் என்றோ சாவியைக் கையில் வைத்திருப்பவர் என்றோ அது சொல்வதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்கிறது. கடனில் உள்ள வண்டிக்கும் சிறார் பெயரில் உள்ள வண்டிக்கும் சில விலக்குகள் உண்டென்றாலும், நம் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்கும் காருக்கும் பொதுவாக இதுதான் விதி. ஆனால் பழைய வண்டி கைமாறும்போது விலை பேசுவதிலும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் பெயர் மாற்றத்தில் காட்டுவதில்லை. ‘ஆர்.சி. புத்தகம்தான் கையில் இருக்கிறதே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படி விட்டவன்தான். மதுரையில் ஆறு ஆண்டுகள் ஓட்டிய ஸ்கூட்டரை, தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்த தரகரிடம் விற்றேன். வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக இருந்த இரண்டு படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘பார்ட்டி வந்ததும் நாங்களே மாற்றிவிடுவோம்’ என்றார். ஒன்றரை ஆண்டு கழித்து, தலைக்கவசம் அணியாமல் சென்றதற்கான இ-சலான் ஓசூரிலிருந்து என் கைபேசிக்கு வந்தது. அதில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்க மட்கார்டில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரின் ஒரு சிறகு இன்னும் உரியாமல் இருந்தது. ஓட்டியவரை நான் பார்த்ததே இல்லை; அவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அபராதம் 1,000 ரூபாய்தான், கட்டிவிடலாம். ஆனால் அந்தப் பையனோடு அந்த வண்டி எங்காவது மோதியிருந்தால், சட்டத்தின் முன் நிற்க வேண்டியவன் நான் என்பது அன்றுதான் உறைத்தது.

இது வெறும் பயம் அன்று. விற்கப்பட்ட ஒரு கார் பல கைகள் மாறி, பெயர் மட்டும் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்ட நிலையில் விபத்துக்குள்ளான வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி யார் யாரிடம் போனது என்று பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடிப் போக வேண்டியதில்லை, பதிவில் பெயருள்ளவரே இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்பதே அதன் சாரம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199அ பிரிவு இன்னொன்றையும் கூட்டியிருக்கிறது: பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறக்கூடும், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களையே சேர்ந்தது.

ஆகவே பெயர் மாற்றத்தை வாங்குபவரின் வேலை என்று விற்பவர் ஒதுங்கக் கூடாது. கீழே உள்ளவை தமிழ்நாட்டில் கைமாறும் சொந்தப் பயன்பாட்டு பைக், ஸ்கூட்டர், கார் ஆகியவற்றுக்கானவை. வாடகைக்கு ஓடும் மஞ்சள் பலகை வண்டிகளுக்கு பர்மிட், எப்.சி. எனும் தகுதிச் சான்று என்று வேறு வேலைகள் உள்ளன.

பணம் கொடுப்பதற்கு முன்

வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ போட்டுப் பார்ப்பது முதல் வேலை. பதிவான தேதி, எரிபொருள், எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம், காப்பீடும் புகைச் சான்றும் எதுவரை செல்லும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவில் இருக்கிறதா என்பவை அதில் தெரிந்துவிடும். உரிமையாளர் பெயர் சில எழுத்துகள் மறைக்கப்பட்டு வரும். விற்பவர் காட்டும் ஆதார் அட்டையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் உள்ளதா என்றும் பாருங்கள். நிலுவையை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். திருட்டு வண்டியோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

அடுத்து, வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணான சேஸிஸ் எண். இதில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியின் இரும்பில் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீசையும் தூசியையும் துடைத்து, மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் அசையாமல் அழுத்திப் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் தேய்த்தால் பதினேழு எழுத்துகளும் வெள்ளையாக எழும்பி வரும். பென்சில் பிரிண்ட் என்று அலுவலகத்தில் கேட்பது இதைத்தான். எப்படியும் தேவைப்படும் என்பதால் மூன்று நான்கு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எடுத்த தாளை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் இந்த எண்ணில் வருவதில்லை. எனவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யமே. முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: எம்பிஎல் என்று தொடங்கினால் ஹீரோ, எம்டி2 என்றால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்இ3 என்றால் ராயல் என்ஃபீல்டு. பஜாஜ் வண்டியின் கழுத்தில் வேறு தொடக்கம் இருந்தாலோ, எழுத்துகளுக்கு நடுவே அரம் தேய்த்த தடம் தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அந்தப் பிளேட்டில் லேசரால் பொறித்த தனி எண் உண்டு. சாதாரண ஸ்டிக்கர் பிளேட் மாட்டியிருந்தால் பழையது என்ன ஆனது என்று கேளுங்கள்.

பதிவு எதுவரை செல்லும் என்பதையும் பாருங்கள். புதிதாகப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குச் சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் இருசக்கர வாகனத்துக்கு 1,000 ரூபாயாகவும் காருக்கு 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு இன்னும் கூடுதல், அதோடு பசுமை வரியும் சேரும். பதினான்கு வயதான காரை மலிவாகப் பேசி முடிக்கும்போது இந்தச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படிவம் 29, படிவம் 30

வண்டியை இன்னாருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தரும் அறிவிப்பே படிவம் 29; அதை இரண்டு பிரதியாகத் தர வேண்டும். படிவம் 30 என்பது பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். இதில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால், மாற்றிக் கொடுத்த 14 நாட்களுக்குள் விற்பவரும் 30 நாட்களுக்குள் வாங்கியவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50ஆம் பிரிவு. வாங்கியவர் எந்த அலுவலக எல்லைக்குள் வசிக்கிறாரோ அங்கேதான் விண்ணப்பம் போகும். மதுரை வடக்கின் டிஎன் 59 வண்டியைத் திருநெல்வேலிக்காரர் வாங்கினாலும் எண் மாறாது. சட்டப்படி தடையில்லாச் சான்று வேண்டியது வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத்தான்.

விற்பவரிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இதுதான்: காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே பேனாவை எடுங்கள். நிரப்பிய படிவங்களையும் வாங்குபவரின் ஆதார் அட்டையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எண், சேஸிஸ் எண், விலை, ஒப்படைத்த தேதி, ஒப்படைத்த நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று கட்டாயம் வேண்டும். நேரம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். காலை பத்து மணிக்கு ஒப்படைத்த வண்டி அன்று மாலையே எங்காவது மோதினால், அந்த ஒரு வரி விற்பவருக்குக் கைகொடுக்கும். கூடுமானவரை பணத்தை வங்கி வழியாகப் பெறுங்கள்.

தரகரிடமோ பழைய வண்டிக் கடையிலோ விற்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் இணையவழியில் அறிவித்துவிட்டால், வேறு ஒருவருக்கு விற்கும் வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். இடையில் நேர்வதற்கெல்லாம் அவரே பொறுப்பு. எனவே கடையில் விலை கேட்பதற்கு முன் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். என் ஸ்கூட்டரை விற்ற காலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. இருந்திருந்தால் ஓசூர் சலான் எனக்கு வந்திருக்காது.

கடன் பதிவும் காப்பீடும்

தவணை கட்டி முடித்துவிட்டேன் என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும் வரை பெயர் மாற்றம் நடக்காது. கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து முத்திரையும் கையெழுத்தும் உள்ள படிவம் 35-ஐ இரண்டு பிரதியாகவும், கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் பெற்று, முதலில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். அலுவலகங்களில் இதை ஹெச்.பி. ரத்து என்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் மூன்று மாதம் போன்ற கால வரம்பு இருக்கும். கடன் முடிந்த கையோடு வாங்கிப் பெட்டியில் வைத்த கடிதத்தை நான்கு ஆண்டு கழித்து எடுத்துப் போனால், புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள்.

காப்பீட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு அதோடு சேர்ந்தே மாறியதாகச் சட்டம் கருதுகிறது. ஆனால் புதிய உரிமையாளர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது, பாலிசியில் உள்ள பெயர் வேறு என்று நிறுவனம் கைவிரிக்க இடம் உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், உரிமையாளர் என்று பதிவில் உள்ளவருக்கே உரியது. பெயர் மாற்றாத வண்டியில் தினமும் வேலைக்குப் போகும் ஒருவர், தன் மனைவி மக்களுக்குரிய அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே போய் வருகிறார்.

இழப்பீடு கேட்காததற்காகக் கிடைத்த போனஸ் விற்பவருடையது, வண்டியுடையது அன்று. விற்பவர் அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் பெற்றுத் தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். அந்தத் தள்ளுபடிக்கு ஈடான தொகையை வாங்கியவர் எஞ்சிய காலத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

விண்ணப்பமும் அலுவலகமும்

விண்ணப்பத்தைப் பரிவாஹன் தளத்தில் தொடங்க வேண்டும். வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் போட்டு, பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். அந்தக் கைபேசி எண் விற்பவருடையது என்பதால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. விற்பவர் சிம் கார்டை மாற்றிவிட்ட பிறகு, எங்கோ இருக்கும் அவரைத் தேடிப் பிடித்து ஓ.டி.பி. கேட்பது எவ்வளவு அலைச்சல் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

மத்திய விதிகளின்படி பெயர் மாற்றக் கட்டணம் இருசக்கர வாகனத்துக்கு 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய் தனி. மாநில அரசின் சேவைக் கட்டணமும் இவற்றோடு சேரும். மாநிலத்துக்குள் கைமாறும் வண்டிக்கு வாழ்நாள் வரி முன்பே கட்டப்பட்டிருக்கும் என்பதால் மறுபடி வரி இல்லை. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சில நூறு ரூபாய் வேலைக்குப் பல ஆயிரம் கேட்கும் இடைத்தரகர்கள் அலுவலக வாசலிலேயே நிற்பார்கள்; உண்மைக் கட்டணம் தெரிந்தவரிடம் அவர்கள் பேச்சு எடுபடாது.

கட்டணம் கட்டிய ரசீது, படிவங்கள், அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, புகைப்படம், பான் அட்டை, பென்சில் பிரிண்ட் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். அசல் ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, படிவம் 26 மூலம் நகல் ஆர்.சி. பெற்ற பிறகே மற்ற வேலைகள் நடக்கும். அதுவும் விற்பவர் பெயரிலேயே நடக்க வேண்டியது.

வேறு மாநில வண்டி

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களிடம் கேஏ எண் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வேலை இரட்டிப்பு. முதலில் கர்நாடகத்தில் உள்ள மூல அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் தரவோ மறுக்கவோ இல்லையென்றால், சான்று தந்ததாகவே கொள்ளலாம் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. என்றாலும் கையில் தாள் இல்லாமல் தமிழ்நாட்டு அலுவலகத்தில் பேசுவது கடினம். பிறகு இங்கே படிவம் 27 மூலம் புதிய எண் கேட்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். வாழ்நாள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும்; 2023 நவம்பரில் இந்த வரி விகிதங்கள் உயர்ந்தன, புதிய காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை வரும். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை சிறியதன்று. தமிழ்நாட்டுப் புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலை வைத்துக் கர்நாடகத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் மாற்றாமல், சொந்த வண்டியையே இங்கு கொண்டுவந்தவரும், 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும். அடிக்கடி மாநிலம் மாறும் அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களும், 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள, நாடு முழுவதும் செல்லும் பிஎச் வரிசை எண்ணைப் பெற்றுக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

உரிமையாளர் இறந்திருந்தால்

அப்பாவின் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த வண்டியின் மேல் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால் மூன்று மாதம் வரை மட்டுமே அவர் பெயரிலேயே ஓட்டலாம். அதற்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். வாரிசுச் சான்று கைக்கு வரத்தான் நாளாகும் என்பதால் அதற்கு முதலில் மனுப் போடுங்கள். 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்க வழி வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவைத்தால், துக்க வீட்டில் உள்ளவர்களுக்கு ஓர் அலைச்சல் குறையும்.

புதிய ஆர்.சி. வரும்போது

2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யை அலுவலகத்தில் கையில் தருவதில்லை. விரைவுத் தபாலில் வீட்டுக்கு வரும். முகவரியிலோ கைபேசி எண்ணிலோ பிழை இருந்தால் அந்தத் தபால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திரும்பிவிடும். எனவே விண்ணப்பத்தில் கதவு எண், தெரு, பின்கோடு ஆகியவற்றை இருமுறை படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். அட்டை வந்ததும் பெயரின் எழுத்துகள், சேஸிஸ் எண், பதிவு முடியும் நாள், கடன் பதிவு நீங்கியிருக்கிறதா ஆகியவற்றைப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.

விற்றவருக்கு இந்த அட்டை வராது. அவர் ஒரு மாதம் கழித்து எம்-பரிவாஹனில் பழைய எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயரின் முதல் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறாதிருந்தால் வாங்கியவரைக் கைபேசியில் அழைத்துக் கேட்பதோடு நில்லாமல், ரசீது நகலையும் படிவம் 29-இன் நகலையும் இணைத்துப் பதிவு அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அந்தத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். என் ஸ்கூட்டருக்கு நான் கடைசியில் செய்தது அதைத்தான்; வாங்கியவர் யார் என்று கண்டுபிடித்துப் பெயர் மாற்ற வைக்க அதன் பிறகும் ஏழு மாதம் ஆயிற்று.